சிவக்காத ஆரத்தி

பதினொரு வயதில் எனக்கு விஞ்ஞானப் பைத்தியம் பிடித்திருந்தது. எங்கள் பள்ளியில் பரிசோதனைக்கூடம் கிடையாது. ஒரு பீரோ இருந்தது, அதற்குள் இரண்டு கண்ணாடிக் குடுவைகள் இருந்தன, பீரோவின் சாவி எப்போதோ தொலைந்திருந்தது. அதனால் பாடப்புத்தகத்தில் ‘வீட்டில் செய்து பார்’ என்று போட்டிருந்ததையெல்லாம் நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். தண்ணீர்த் தட்டில் மெழுகுவர்த்தியை நிற்கவைத்து அதன்மேல் டம்ளரைக் கவிழ்த்தேன். உப்புத் தண்ணீரில் முட்டையை விட்டேன். முட்டை மிதந்தது, அம்மாவிடம் முதுகில் இரண்டு வாங்கினேன். சீப்பால் தலையை வாரிக் காகிதத் துணுக்குகளைத் தூக்கும் சோதனை மட்டும் பலிக்கவே இல்லை. எங்கள் வீட்டில் எண்ணெய் வழியாத தலை ஒன்றுகூடக் கிடையாது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது மஞ்சள் சோதனைதான். மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பைச் சேர்த்தால் சிவக்கும். இதற்குப் புத்தகம் வேண்டாம், ஆரத்தி கரைக்கும் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். அந்தச் சிவப்பில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் மறுபடி மஞ்சளாகிவிடும் என்பதுதான் யாருக்கும் தெரியாதது. இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு போட்டால் திரும்பவும் சிவக்கும். இந்த ரகசியத்தை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் அது நானில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. என் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். அதற்கு முன் இரண்டு இடங்கள் வந்து, பார்த்து, பலகாரம் சாப்பிட்டு, ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்று போனவை. ஊரில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இந்த மாப்பிள்ளையை அக்காவுக்குப் பிடித்திருந்தது. வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் ஒரு வாரமாக வேலை செய்யும்போது தனக்குள் பாடிக்கொண்டிருந்தாள், அது போதாதா? மாப்பிள்ளை வீட்டார் சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டு இறங்கி மூன்று மாட்டு வண்டிகளில் வந்தார்கள். இன்று கம்பெனி பஸ்கள் வரிசை கட்டிப் போகும் அதே ஒரகடம் சாலைதான். வண்டிகள் வந்து சேர வெயில் ஏறிவிட்டது.

எங்கள் வீட்டு வழக்கப்படி தட்டு மாற்றுவதற்கு முன் பெண்ணை மணையில் உட்காரவைத்து ஆரத்தி எடுப்பார்கள். அம்மா ஆரத்தியைக் கரைத்து இருட்டான சமையலறை மூலையில் வைத்திருந்தார். நான் அந்தத் தட்டைப் பின்பக்கம் தூக்கிப் போய், சித்தியின் பெண்கள் இருவரையும் கூப்பிட்டு, அரை மூடி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். சிவப்பு மஞ்சளானதும் இருவரும் வாயைப் பிளந்தார்கள். மறுபடி சிவக்க வைத்துக் காட்டுவதற்குள் அம்மா பூக்கூடையைக் கேட்டுக் கூப்பிட்டார். தட்டை மூலையில் வைத்துவிட்டு ஓடினேன். நான் திரும்பும்போது மூலை காலியாக இருந்தது. சித்தி தட்டை எடுத்துப் போய்விட்டிருந்தார்.

முற்றத்து வெளிச்சத்தில்தான் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா எட்டிப் பார்த்தார்.

“இன்னாம்மா இது, வெறும் மஞ்சத் தண்ணியா கீது?”

“நல்லா செவக்கத்தாங்க கரைச்சேன்” என்றார் அம்மா.

“செவந்தது வெளுத்துப் போச்சா? சகுனம் சரியில்ல. தட்டு மாத்த வேணாம், இன்னொரு நாள் பாத்துக்கலாம்.”

‘இன்னொரு நாள்’ என்றால் என்ன என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் துண்டை உதறித் தோளில் போட்டார்கள். அக்கா மணையிலேயே குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு புடவையில் விழுந்ததைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் அக்காவின் கல்யாணம் போய்விடும், திறந்தால் என் தோல் உரியும்.

“நான்தான் எலுமிச்சம்பழம் புழிஞ்சேன்” என்றேன்.

அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அப்போது கூடத்து மூலையில், தூணுக்குப் பின்னால், வெள்ளைப் புடவையில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி பேசினார். அவர் மாப்பிள்ளையின் அத்தை, சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். சுப காரியம் என்பதால் முன்னால் வராமல் இருந்தார்.

“அடிக்காதீங்க. அது சொல்றத பண்ணிக் காட்டட்டும்.”

வெற்றிலைத் தட்டிலிருந்து சுண்ணாம்பைத் தாராளமாக விரலில் எடுத்துக் கரைத்தேன். தண்ணீர் முதலில் திட்டுத் திட்டாகவும் பிறகு முழுவதுமாகவும் சிவந்தது. எலுமிச்சம்பழம் கொண்டுவரச் சொன்னார்கள், மஞ்சளாக்கினேன். சுண்ணாம்பு போட்டேன், சிவந்தது. மாப்பிள்ளை சிரித்துவிட்டார். பெரியம்மா மட்டும், “பொம்பளப் புள்ளைக்கு இந்த வெளாட்டெல்லாம் இன்னாத்துக்கு?” என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தார். தட்டு மாற்றினார்கள். அப்பாவும் அடிக்க மறந்துபோனார்.

பந்தி நடக்கும்போது கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். அந்த அத்தை வந்தார்.

“எனக்கு ஒரு தபா தனியா பண்ணிக் காட்டேன்.”

கொட்டாங்கச்சியில் கரைத்துக் காட்டினேன். கண் கொட்டாமல் பார்த்தார்.

“எலுமிச்சம்பழம் புழியாமலே இப்படி செவக்காமப் போவுமா?”

அதையும் நான் சோதித்திருந்தேன். “சுண்ணாம்பு திறந்து கிடந்து காஞ்சிப் போயிருந்தா சரியா செவக்காது” என்றேன் பெருமையாக. “அப்பா டப்பாவுல பழசு இருந்துச்சி. எவ்ளோ போட்டாலும் மஞ்சளாத்தான் இருந்துச்சி.”

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“என் கண்ணாலத்துலயும் ஆரத்தி மஞ்சளாத்தான் இருந்துச்சி. எட்டாம் மாசம் அவுரு பூட்டாரு. என் ராசிதான்னு அன்னிலேர்ந்து சொல்றாங்க. நானும் அப்படித்தான் நெனச்சினு இருந்தேன்.” மறு கையால் கொட்டாங்கச்சியை எடுத்துப் பார்த்தார். பிறகு கேட்டார். “அப்போ அது என்னால இல்லியே, பாப்பா?”

உள்ளே பாயசம் பரிமாறுகிறார்கள் என்று சித்தியின் பெண் கத்தினாள். தீர்ந்துவிடுமே என்று எனக்குத் தவிப்பு. கையை உருவிக்கொண்டு ஓடினேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அந்த வீட்டில் அதை அவருக்குச் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். நான் பாயசம் குடித்துக்கொண்டிருந்தேன்.