தொண்ணூற்றாறு டிகிரி... காய்ச்சல்கூட இல்லை!

கடந்த வியாழக்கிழமை. லிந்துலையிலிருந்து ஹட்டன் போகும் பத்து மணி பஸ். உட்கார இடமில்லை. என் கையில் கம்பளிப் போர்வையில் சுற்றிய ஒரு மூட்டை. இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறேன்.

ஒரு அம்மா சட்டென்று எழுந்து இடம் கொடுத்தார்.

“புள்ளைக்கு சொகமில்லிங்களாய்யா?”

“ஆமாம்மா... சூடு.”

“ஐயோ, அதுக்காக மூஞ்சிய இப்படி மூடுவாங்களா? மூச்சு முட்டிரும்!”

சொல்லிக்கொண்டே போர்வையை விலக்கிவிட்டார். உள்ளே கறுப்பு இரும்பு. ஒரு பக்கம் கண்ணாடி. கண்ணாடிக்குள் கலர் கலராய் வயர்... என்னை ஏற இறங்கப் பார்த்தவர், ஹட்டன் வரும்வரை என் பக்கமே திரும்பவில்லை.

நான் பொய் சொல்லவில்லை, நம்புங்கள். சுகமில்லாமல்தான் போனது. வியாதியும் சூடுதான். ஆனால் அந்த வியாதிக்குக் காரணம் நான் என்பதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு என்னைத் தெரியும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன் — தேயிலைத் தொழிற்சாலையில் எனக்கு இருபத்தாறு வருட சர்வீஸ். இப்போது டீமேக்கர். கொழுந்து உள்ளே வந்ததிலிருந்து தூளாகி வெளியே போகும்வரை நல்லது கெட்டது எல்லாம் என் தலையில். அதனால் மெஷின் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர். சத்தத்தைக் கேட்டே பேரிங் போய்விட்டது என்பேன். வாசலில் நின்று மூக்கை உறிஞ்சியே தேயிலை உலர்த்துகிற ட்ரையரில் சூடு கூடிவிட்டது என்பேன். பெரும்பாலும் சரியாக இருக்கும். அதுதான் வினையே.

என் மகள் துர்காவுக்கு இருபத்திரண்டு வயது. தலவாக்கலையில் ஒரு பார்மசியில் வேலை. வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டர் கேம். சும்மா பொழுதுபோக்குக்கு இல்லை... ஐந்து பேர் கொண்ட டீம், ஊர் ஊராய் மேட்ச், கடைசிச் சுற்று என்று பெரிய ஏற்பாடு. கண்டியில் இருக்கிற தினூஷி என்ற பெண்தான் கேப்டன். இவள் இங்கே எங்கள் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து அவர்களோடு சிங்களத்தில் கத்திக்கொண்டிருப்பாள்.

போன மேட்ச்சில், சரியான நேரம் பார்த்து இவளுடைய பழைய லேப்டாப் அசையாமல் நின்றுவிட்டது. அது மறுபடி உயிர் பெற்றபோது டீம் தோற்றிருந்தது. தினூஷி திட்டவில்லையாம். மெதுவாகத்தான் சொன்னாளாம் — இன்னொரு தடவை இப்படி ஆனால் உன் இடத்துக்கு வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும், கோபித்துக்கொள்ளாதே என்று. அடுத்த மேட்ச், போன சனிக்கிழமை.

துர்கா அன்று சாப்பிடவில்லை. ஒரு விளையாட்டுக்காக யாராவது சோற்றை ஒதுக்குவார்களா? கேட்டும்விட்டேன்.

“ஏலத்துல உங்க டீ வெல போகலன்னா நீங்க ரெண்டு நாளைக்கு யாருகூடயும் பேச மாட்டீங்களேப்பா... அதுக்கு என்ன பேரு?”

அன்று இரவே புதுக் கம்ப்யூட்டர் வாங்குவது என்று முடிவாயிற்று. விலையைக் கேட்காதீர்கள். என் மனைவி பத்மாவும் இந்தப் பத்தியைப் படிக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் ஹட்டனில் ஹில்மியின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கையில் துர்கா எழுதிய லிஸ்ட். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வார்த்தை — ஓவர்க்ளாக். கம்பனிக்காரன் ப்ராசெசருக்கு ஒரு வேகம் வைத்து அனுப்புவானாம். நாம் அதை ஏற்றிவிட்டு, அதற்கு மேலும் ஓட வைக்கலாமாம். தோட்டத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நாளுக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று ஒரு அளவு உண்டு. அதற்கு மேல் பறித்தால் ஓவர் கிலோ. இது கம்ப்யூட்டரின் ஓவர் கிலோ, அவ்வளவுதான்.

ஓவர் கிலோ பறிக்கிறவருக்குக் கை மட்டும் வேகமாக இருந்தால் போதுமா? போதாது. பார்ட்ஸ் விஷயமும் அப்படித்தான். ப்ராசெசர் வேகத்தை ஏற்ற விடுகிற ரகமாக இருக்க வேண்டும். அதை மாட்டுகிற மதர்போர்டும் அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும். நான் கை காட்டிய மதர்போர்டு ஒத்துக்கொள்ளாத ரகம்! ஹில்மி அதை மெதுவாக என் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார்.

“இதுல கரண்ட் வார எடத்துலயும் சூடு தணிக்க தகடு போட்டிருக்கு பாருங்க. ஓவர்க்ளாக்குக்கு இது வேணும் ஐயா.”

சரி. பவர் சப்ளை? தேவைக்கு மேலே கொஞ்சம் தாராளமாக. சரி. ராம்? ஒன்றாக வாங்காமல் இரண்டாக, ஜோடியாக. சரி. பெட்டி? காற்று முன்பக்கம் உள்ளே வந்து பின்பக்கம் வெளியே போக வேண்டும். அடடா, இது என் ஏரியா! கொழுந்து வாட்டுகிற இடத்தில் காற்று எப்படிப் போக வேண்டும் என்று பத்து நிமிஷம் பிரசங்கம் செய்தேன். ஹில்மி பொறுமையாகக் கேட்டார். துர்கா கடைக்கு வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது கூலர். ப்ராசெசரின் தலையில் உட்கார்ந்து அதன் சூட்டை வாங்கி வெளியே தள்ளுகிற சாமான். ஹில்மி எடுத்து வைத்தது இரண்டு ஃபேன் வைத்தது, ஒரு செங்கல் அளவுக்கு இருந்தது. நான் சிரித்துவிட்டேன்.

“நம்ம ஊருக்குக் கூலரா? ஏப்ரல்லயே ஸ்வெட்டர் போடுறோம்யா!”

“அப்பா, ஓவர்க்ளாக் பண்றோம்ப்பா. பெருசு வேணும்.”

“ஊருதான் குளிரு, டீமேக்கர் ஐயா. பொட்டிக்குள்ள குளிரா?” — இது ஹில்மி.

கேட்டேனா? “சூட்டப் பத்தி எனக்கா பாடம் எடுக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டு, உள்ளங்கை அளவில் ஒரு சின்னக் கூலரை எடுத்து வைத்தேன். துர்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஹில்மி பெரிய கூலரைத் திரும்ப அட்டைப்பெட்டியில் போட்டு மேசைக்கு அடியில் தள்ளினார்.

எல்லாவற்றையும் ஹில்மியே பூட்டிக் கொடுத்தார். புதன்கிழமை மாலை துர்கா வேகத்தை ஏற்றினாள். வியாழன் எனக்கு லீவு. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கம்ப்யூட்டருக்கு முழு வேலை கொடுக்கிற ஒரு டெஸ்ட்டை ஓடவிட்டு, திரையின் மூலையில் சூட்டைக் காட்டுகிற நம்பரையும் காட்டிக் கொடுத்தாள்.

“ரெண்டு மணி நேரம் ஓடட்டும்ப்பா. சூடு ஓவரா ஏறுதான்னு மட்டும் பாத்துக்கங்க. நீங்க பாக்காத சூடா!”

அந்தக் கடைசி வார்த்தைக்கு நான் உருகிப்போனேன். ஸ்டூலைப் போட்டு முன்னால் உட்கார்ந்தேன். எழுபது... எண்பது... தொண்ணூறு. தொண்ணூற்றாறில் வந்து நின்றது. அட, இவ்வளவுதானா?

எட்டரைக்குப் போன் வந்தது.

“சூடு எப்டிப்பா இருக்கு? நார்மலா?”

“நார்மலுக்கும் கொறச்சல்தான்மா. காய்ச்சல்கூட இல்ல.”

“அப்பாடா!” என்று வைத்துவிட்டாள். நான் பிளேன்டீ ஊற்றிக்கொள்ளக் குசினிக்குப் போனேன். சீனியை எடுக்கிறேன்... உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம். ஓடி வந்து பார்த்தால் திரை இருட்டு. ஃபேன் சத்தம் இல்லை. பட்டனை அமுக்கினேன் — ஒரு விநாடி உறுமிவிட்டு அடங்கியது. மறுபடி அமுக்கினேன். மறுபடி அடங்கியது. மூன்றாவது தடவையும் அப்படியே.

சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள். பிள்ளை என்னை நம்பி விட்டுப் போயிருக்கிறாள். அவள் வாய்விட்டுக் கேட்ட ஒரே சாமானை வேண்டாம் என்றவனும் நான்தான். பத்மா எட்டிப் பார்த்துவிட்டு, “என்னங்க, செத்துப்போச்சா?” என்றாள். கட்டிலில் கிடந்த கம்பளியை உருவினேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் பஸ்.

ஹில்மி மூட்டையைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நடந்ததை ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் வயரை மாட்டி பட்டனை அமுக்கினார்.

உறுமியது. அடங்கவில்லை. திரையில் வெளிச்சம் வந்தது!

“மவுத்தாகல்ல ஐயா. மயங்கித்தான் கெடந்திருக்கு. சூடு எல்ல மீறினா அதுவே தன்ன அணச்சிக்கும். பஸ்ஸுல குளுந்த காத்து பட்டதும் தெளிஞ்சிட்டு.”

பஸ் அம்மா போர்வையை விலக்கியது நினைவுக்கு வந்தது. மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

“கடைசியா நீங்க பாக்கக்குள்ள சூடு எத்தன?”

“தொண்ணூத்தாறுதான் ஹில்மி! அதுதான் எனக்கு வெளங்கல. மனுச உடம்பே தொண்ணூத்தெட்டு. எங்க ட்ரையர்ல எரநூறு குடுக்கிறோம். தொண்ணூத்தாறெல்லாம் ஒரு சூடா?”

ஹில்மி என்னையே பார்த்தார். பிறகு மிக மரியாதையாகக் கேட்டார்.

“தொண்ணூத்தாறு... என்ன ஐயா?”

“டிகிரி.”

“என்ன டிகிரி?”

குனிந்து திரையைப் பார்த்தேன். நம்பருக்குப் பக்கத்தில் பொடியாக ஒரு ‘சி’. செல்சியஸ்!

எங்கள் ட்ரையரில் ஃபேரன்ஹீட். டிஸ்பென்சரியில் நாக்குக்கு அடியில் வைக்கிற தெர்மாமீட்டரிலும் ஃபேரன்ஹீட். இருபத்தாறு வருடமாக டிகிரி என்றால் எனக்கு அது ஒன்றுதான். பக்கத்தில் என்ன எழுத்து இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்?

“நம்ம உசரத்துக்கு கேத்தல்ல தண்ணி தொண்ணூத்தஞ்சுலயே கொதிச்சிரும் ஐயா. நீங்க அத ஒரு மணி நேரம் அவிச்சிருக்கீங்க.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன். “ப்ராசெசர் போயிருக்குமா?” என்று கேட்டேன். பார்க்கலாம் என்று சொல்லி ஹில்மி மேசைக்கு அடியில் கையை விட்டு, அந்த அட்டைப்பெட்டியை இழுத்தார். அதே பெரிய கூலர்.

“இன்னம் விக்கல்லயா?”

“விக்கல்ல ஐயா. நீங்க வருவீங்கன்னு தெரியும்.”

மாட்டி முடித்து ஒரு மணி நேரம் டெஸ்ட் ஓடியது. அந்த ஒரு மணி நேரமும் நான் அந்த நம்பரையும் பக்கத்து எழுத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். அறுபத்தெட்டைத் தாண்டவில்லை. ப்ராசெசருக்கு ஒரு கீறல்கூட இல்லை என்று ஹில்மி சொன்னபோது, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ட்ரையர் தீப்பிடிக்காமல் தப்பித்த நாளில்கூட நான் இப்படி மூச்சு விட்டதில்லை.

மாலை வீட்டுக்கு வந்த துர்காவின் கண் நேரே பெட்டியின் கண்ணாடிக்குள் போனது.

“அப்பா... இது நாம வாங்காத கூலராச்சே?”

ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தேன். கட்டிலில் விழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “காய்ச்சல்கூட இல்லன்னீங்களேப்பா! நான் அத நம்பி பார்மசில நிம்மதியா ஆறு பேருக்கு தெர்மாமீட்டர் வித்தேன்!” என்றாள். சிரித்து முடித்ததும் ஒருமுறை மெஷினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவள் எவ்வளவு பயந்திருப்பாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

யோசித்துப் பார்த்தால், தெரியாத வேலையில் நாம் பெரிதாய்த் தப்பு செய்வதில்லை. கேட்டுக் கேட்டுத்தானே செய்கிறோம்? கை பழகிய வேலையில்தான் பொடி எழுத்தைப் படிக்க மறந்துவிடுகிறோம். வெள்ளிக்கிழமை தொழிற்சாலைக்குப் போனதும் முதல் வேலையாக ட்ரையரின் டயலைப் பார்த்தேன். ஓரத்தில் ‘எஃப்’ என்று இருக்கிறது. இத்தனை வருடமும் அங்கேதான் இருந்திருக்கிறது!

சனிக்கிழமை மதியம் மேட்ச். துர்கா திரையில் எதிரிகளைப் பார்த்தாள். நான் மூலையில் நம்பரைப் பார்த்தேன். அறுபத்தைந்து... அறுபத்தேழு... வெளியே ஒரே மூடுபனி. பத்மா கொண்டு வந்து வைத்த டீ ஆறிப்போனது. கடைசி ரவுண்டில் டீம் முழுக்க ஒரே நேரத்தில் கத்தியது ஹெட்செட்டையும் மீறி எனக்குக் கேட்டது. மெஷின் ஒரு இமைப்பொழுதுகூட நிற்கவில்லை. துர்கா ஹெட்செட்டைக் கழற்றி வீசினாள்.

“ஜெயிச்சிட்டோம்ப்பா! அடுத்த சீசனுக்கும் நான்தானாம்! தினூஷி சொல்லிட்டா!”

அவள் அழுதாள். நானும்தான். பத்மா இரண்டு பேரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். துர்கா கண்ணைத் துடைத்துவிட்டு என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

“ஒங்களுக்குத்தான்ப்பா சூடு. இருங்க, பார்ப்போம்.” தெர்மாமீட்டரை எடுத்து என் வாயில் வைத்தாள். எடுத்துப் பார்த்துவிட்டு, “தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு” என்றாள்.

“அதுல என்ன எழுத்து இருக்கு?” என்று நான் கேட்டேன்.

ஃபேரன்ஹீட்தான். செல்சியஸாக இருந்திருந்தால், இந்த வாரம் இந்தப் பத்தி உங்களுக்கு வந்திருக்காது!