விரல் வீங்கும், மெட்டி வீங்குமா?

சொன்னால் நம்ப மாட்டீர்கள். போன வாரம் எங்கள் வீட்டில் ஒரு மெட்டிக்காக ஒரு கால்விரலைப் பறிகொடுக்க இருந்தோம்!

விரல் என் மதினியுடையது. மதினிக்கு எட்டாம் மாதம். கால் இரண்டும் பொதுபொதுவென்று வீங்கிக் கிடந்தன. "பிள்ளத்தாச்சிக்குக் கால் வீங்காம மூக்கா வீங்கும்?" என்று சொல்லிவிட்டு அம்மா தன் சோலியைப் பார்க்கப் போய்விட்டாள். சரி, வீங்கட்டும். ஆனால் மெட்டி வீங்குமா? மதினிக்குக் கல்யாணத்தன்று போட்ட கனத்த வெள்ளி மெட்டி. வலது கால் விரலில் அது சதைக்குள் புதைந்து, விரல் நாவல் பழ நிறத்துக்கு வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"ஏன் மதினி சொல்லலை?"

"சொன்னா அத்தை வருத்தப்படுவாங்கன்னுதான்..."

வளைகாப்புக்கு எங்கள் தெருவே திரண்டு வந்தது. ஆளாளுக்குக் கையைப் பிடித்து வளையல் அடுக்கினார்கள். குனிந்து காலைப் பார்த்தவர் ஒருவர் உண்டா? கைக்குத்தான் எல்லா மரியாதையும். இரண்டு உயிரைச் சுமக்கிற காலுக்கு?

வெரசாக வண்டி பிடித்து லேடி டாக்டரிடம் கூட்டிப் போனேன். அம்மாவும் கூடவே வந்தாள். டாக்டரம்மா விரலைத் தொட்டதும் மதினிக்குக் கண்ணில் தண்ணீர்.

"ரத்தம் ஓட வழியில்லை. மெட்டிய இப்பவே வெட்டி எடுக்கணும். விட்டா விரலையே எடுக்கும்படி ஆயிரும்."

அவர் மெட்டி வெட்டும் கருவியை எடுப்பதற்குள் அம்மா மதினியின் காலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்!

"எம் மகன் மலை ஏறி இறங்குறவன். அவனக் கேக்காம மெட்டியில யாரும் கை வைக்கக் கூடாது."

அண்ணனுக்குப் போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் வேலை. லோடு லாரியில்தான் போக்குவரத்து. அந்தக் கொண்டை ஊசி வளைவுகளை நம்பிப் புருஷனை அனுப்புகிற எங்கள் ஊர்ப் பெண்கள் மெட்டியைக் கழற்ற மாட்டார்கள். கழற்றினால் லாரி உருண்டுவிடுமாம்! நான் கேட்டேவிட்டேன்... லாரி ஓடுவது பிரேக்கிலா, என் மதினியின் கால்விரலிலா?

"நாலு எழுத்துப் படிச்சிட்டா நாக்கு இம்புட்டு நீளுமா? வாயக் கழுவுடி!" என்றாள் அம்மா.

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. படுக்கும்போது காலுக்குத் தலையணை வை, காலைத் தொங்கப் போட்டு உட்காராதே, நெடுநேரம் நிற்காதே, தளர்வான செருப்புப் போடு, முகமும் கையும் சேர்ந்து வீங்கினால், தலை வலித்தால் உடனே ஓடி வா... எல்லாம் சொல்லி அனுப்பினார். மெட்டி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

மேலே போகிற ஜீப்பில் ஓர் ஆளிடம் சொல்லி அனுப்பினோம். மறுநாள் காலை அண்ணன் வந்து சேர்ந்தான். பத்தாவது படித்தவன், பேப்பர் வாசிக்கிறவன், வந்ததும் குறடு எடுப்பான் என்று நினைத்தேன். அவனோ அம்மா முகத்தைப் பார்த்தான், விரலைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான்.

"பிள்ளை பிறக்கட்டுமே... பாப்போம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அண்ணன் என்றும் பார்த்திருக்க மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் மதினி முந்திக்கொண்டாள். மாமியார் முன்னால் நிமிர்ந்துகூடப் பேசாதவள், அன்றைக்கு நடு வீட்டில், மாமியார் பார்க்கப் பார்க்க, காலைத் தூக்கிப் புருஷன் மடியிலேயே வைத்தாள்!

"ஏங்க, தாலி கழுத்துல இருக்கு. அதக் கழட்டவா சொன்னேன்? நீங்க நல்லா இருக்கணும்னு என்னைவிட யாரு நினைக்கப் போறா? உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு உங்களுக்கு நம்பிக்கை இருந்தா, உங்க கையால வெட்டிவிடுங்க."

காலை இறக்கி வைத்துவிட்டு அண்ணன் எழுந்தான். வேலிக் கம்பி வெட்டுகிற குறடைக் கொண்டுவந்து, துணியை மெல்ல மெட்டிக்கு அடியில் செருகி, வெட்டினான். 'டக்'கென்று சத்தம். மதினி விட்ட மூச்சு அடுப்படி வரைக்கும் கேட்டது.

அம்மா அழுதாள். அழுதபடியே மஞ்சள் நூல் ஒன்றை எடுத்து வந்து, "இதையாவது கட்டிக்க ஆத்தா" என்றாள். பக்கத்து விரலில்... தளர்வாக. கட்டிக்கொண்டாள் மதினி.

அண்ணன் அன்று மாலையே மலையேறிவிட்டான். விடிந்ததும் விஷயம் தெரு முழுக்கப் பரவியது. ஒவ்வொருத்தராக வந்து வாசலில் நின்று விசாரித்தார்கள். "மகன் நல்லபடியா மேல போய்ச் சேந்தானா?" "லாரி பத்திரமாப் போச்சா?" லாரிக்கு என்ன, சுகமாகப் போய்ச் சேர்ந்தது.

விரல் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? நீங்களாவது கேட்டீர்களே... பிழைத்துக்கொண்டது!