கோமளா பூசிய தாள்

கோமளா இறந்த சேதி எனக்கு மூடிய கதவு வழியாகத்தான் வந்தது. திருப்பதியில் நாங்கள் இருவரும் பங்குக்கு எடுத்து நடத்திய புகைப்பட இருட்டறையில், நான் தாளுக்கு எமல்ஷன் பூசிக்கொண்டிருந்தேன். வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும் மருந்து அது. சூட்டில் இளக்கி, சிவப்பு பல்ப் வெளிச்சத்தில் பிரஷ்ஷால் பூசிக் காயவைத்து, அந்தத் தாளில்தான் படம் போடுவோம். யாரோ கதவைத் தட்ட, "தொறக்காதே, தாள் ஈரமா கீது!" என்று கத்தினேன். வெளியே அவளுடைய தம்பி முருகன். "தொறக்கலண்ணா. அக்கா நம்மள வுட்டுப் பூட்டுச்சு. காலைல நெஞ்சு வலின்னு உக்காந்துச்சு, அவ்ளோதான்" என்றான். பாழாய்ப்போன என் மனதில் முதலில் எழுந்தது துக்கமில்லை. என்னிடம் ஒருமுறைகூடத் தோற்காமல் போய்விட்டாளே என்றுதான் நினைத்தேன்.

அவளை அறிந்த புகைப்பட நண்பர்களே, உங்களுக்கு அவள் பூச்சைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. என் தாள்களில் பிரஷ் போன தடம் வரிவரியாக நிற்கும், ஓரத்தில் மருந்து தேங்கும். பக்கத்து மேசையில் அவள் பூசிய தாளிலோ ஒரு திட்டு இருக்காது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பதினோரு வருடம் வயிறெரிந்துகொண்டேதான் அவள் பக்கத்தில் வேலை செய்தேன்.

"என்னமோ மறைக்கிற நீ" என்று ஒருநாள் கேட்டே விட்டேன். நகரியில் தறிக்காரக் குடும்பம் அவளுடையது. விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னாத்த மறைக்கிறது? எங்க நைனா பாவு நூலுக்குக் கஞ்சி பூசறத பாத்துக்கினே வளந்தவ நான். பிரஷ்ஷ அழுத்தாத சேகரு. மெல்லிசா ஒரு தபா நீளவாட்டுல, கொஞ்சம் ஆறினதும் ஒரு தபா குறுக்கால. நீ ஒரே தபால ரொப்பப் பாக்கற" என்றாள். அப்படியே செய்தேன். அப்போதும் வரி விழுந்தது. "போய் துன்னுட்டு வா, பசில கை நடுங்குது உனக்கு" என்றாள். அதுவும் எனக்குக் குத்தலாகவே பட்டது.

பிறகு சித்தூர் கண்காட்சி வந்தது. காய்ந்த தாள்களை ஒரே பெட்டியில்தான் வைப்போம். பின்பக்கம் பென்சிலால் அவரவர் பெயரெழுத்து இருக்கும். "கோ" என்று இருந்த ஒரு தாளை எடுத்தேன். எழுத்தை அழித்துவிட்டு, ஏர்பேடு பக்கம் நான் எடுத்த வயல்வெளியை அதில் போட்டேன். நீங்களெல்லாம் வயலை விட்டுவிட்டுப் பூச்சையே புகழ்ந்தீர்கள். "கோட்டிங் சால பாகுந்தி சார்" என்று ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் வெட்கமில்லாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். கோமளா வந்து வெகுநேரம் அந்தப் படத்தைப் பார்த்தாள். தான் பூசிய தாள் அவளுக்கா தெரியாது? "கை நடுக்கம் நின்னுடுச்சே சேகரு உனக்கு! நான் சொல்லிக்கினே இருந்தேன் இல்ல?" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். இதிலும் என்னை மிஞ்சிவிட்டாளே என்று அன்றைக்கும் எரிச்சல்தான் பட்டேன்.

அவள் உடலை எடுத்த அன்று உங்களில் ஒருவர் என் தோளைத் தொட்டு, "இனிமே அந்தப் பூச்சு உங்க கையிலதான் சார். சித்தூர்லயே பாத்தோமே" என்றார். அப்போதும் தலையாட்டிவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். சித்தூரில் நீங்கள் பார்த்தது கோமளா பூசிய தாள். நான் அதைத் திருடினேன், அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தப் பாராட்டு அவளுடையது, அவளுக்கே கொடுத்துவிடுங்கள். என் பொறாமையை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.

இன்று காலையும் ஒரு தாள் பூசினேன். வரி விழுந்தது. அவளுடையது எப்படி வந்திருக்கிறதென்று வழக்கம்போல எரிச்சலோடு திரும்பினேன். மேசை காலியாக இருந்தது.