காணாமல் போன வெள்ளைப் பிக்கப்

எங்கள் டன்வால்ட் கவுண்டி என்கிற சின்ன மாவட்டத்தில் ஆட்களைவிட மாடுகள் அதிகம், மாடுகளைவிட வெள்ளைப் பிக்கப் வண்டிகள் அதிகம் என்பார்கள். இரண்டாவது புளுகு. ஆனால் ஜனவரி மாதம் விடியற்காலையில் எங்கள் ஊர் ஓட்டல் வாசலில் நின்று பார்த்தால் நீங்களும் நம்பிவிடுவீர்கள். பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி. எஞ்சினை அணைத்தால் மறுபடி உயிர் வருமோ வராதோ என்று, வண்டியை ஓடவிட்டு, சாவியையும் அதிலேயே விட்டுவிட்டு, எல்லோரும் உள்ளே போய்க் காப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள். வெளியே ஏழெட்டு வெள்ளை வண்டிகள் ஆளில்லாமல் புகை விட்டுக்கொண்டு நிற்கும். நார்த் டகோட்டாவில் பிறந்தவனுக்கு இதில் அதிசயமாக ஒன்றும் தெரியாது.

நான் இங்கே ஷெரிஃப் அலுவலகத்தில் ஒன்பது வருடமாகத் துணை அதிகாரி. பெயர் வெண்டல். ஆனால் அந்த அலுவலகத்தை உண்மையில் நடத்துவது நானும் இல்லை, ஷெரிஃபும் இல்லை. ஓபல் ஹாக்ஸ்டாட். வயது அறுபத்தொன்று, கணவரோ பிள்ளைகளோ இல்லை. முப்பத்தொரு வருடமாக அவசர அழைப்புகளை எடுத்து, வயர்லெஸ்ஸில் எங்களை விரட்டுகிற அம்மாள். கடந்த ஆறு வருடமாக அலுவலகத்தின் முகநூல் பக்கத்தில் தினமும் காலையில் அறிவிப்பு எழுதுவதும் அவர்தான்.

அறிவிப்பு என்றால் சாதாரண அறிவிப்பா? "ஐந்தாம் நெடுஞ்சாலையில் கண்ணாடி மாதிரி பனிக்கட்டி. நேற்று மூன்று வண்டிகள் பள்ளத்தில். மூவருமே 'இந்த ரோடு எனக்கு அத்துப்படி' என்றவர்கள். ரோட்டுக்கு அவர்களைத் தெரியவில்லை." இப்படி ஒன்று. "லூத்தரன் தேவாலயக் கூரையில் ஓர் ஆடு. சொந்தக்காரர் யார் என்று எங்களுக்குத் தெரியும். ஏணியோடு வரவும்." இது இன்னொன்று. என்னையும் விட்டுவைக்கவில்லை: "பெட்ரோல் தீர்ந்து நின்றவருக்கு உதவப் போன எங்கள் அதிகாரி, அங்கேயே பெட்ரோல் தீர்ந்து நின்றார். இருவரும் நலம்." என் மாமியார் அதை அச்செடுத்துச் சமையலறையில் ஒட்டிவைத்திருக்கிறார்.

ஓபலுக்கு இரண்டு விதிகள் உண்டு. பெயர் போடமாட்டார், பொய் எழுதமாட்டார். இரண்டாயிரம் பேர் உள்ள கவுண்டியில் பெயர் எதற்கு? மத்தியானச் சாப்பாட்டுக்குள் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஆடு என்ன ஆயிற்று என்று பார்க்க வருகிறவர்கள், கீழே ரோடு மூடியிருக்கிற செய்தியையும் படித்துவிடுவார்கள். போன மார்ச் மாதம் பனிப்புயல் அடித்தபோது பக்கத்துக் கவுண்டியில் நாற்பது வண்டிகள் சிக்கிக்கொண்டன. எங்கள் கவுண்டியில் ஒன்றுகூட இல்லை.

அப்படிப்பட்ட பக்கத்துக்கு இந்த ஜனவரியில் ஆபத்து வந்தது. கவுண்டியின் வரவுசெலவை முடிவு செய்கிற கமிஷனர்கள் மூன்று பேர். அதில் ஒருவரான ஆர்விட் டொலஃப்சன், "ஷெரிஃப் அலுவலகம் மக்களைக் கேலி செய்வதை நிறுத்த வேண்டும்" என்று ஒரே ஒரு வரியில் புகார்க் கடிதம் கொடுத்தார். காரணம் எழுதவில்லை. ஷெரிஃப் கார்வின் ப்ராட்ஸ் பதவிக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. கமிஷனர் தும்மினால் இவருக்குச் சளி பிடிக்கும். பயிற்சி வகுப்பில் யாரோ கொடுத்த தயார் வாசகங்கள் முப்பது பக்கம் அவரிடம் இருந்தன: "பொதுமக்கள் உரிய முன்னெச்சரிக்கையுடன் செயல்படுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." இனிமேல் பக்கத்தில் இதுதான் வரும், ஓபல் போனை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு தீர்மானமே தயாரித்துவிட்டார். வியாழக்கிழமை நாலு மணிக்குக் கூட்டம். ஒரு கமிஷனர் ஓபல் பக்கம், இன்னொருவர் எதிர்ப்பக்கம் என்பது ஊருக்கே தெரியும். மிச்சம் ஆர்விட்டின் கை.

"எனக்கென்னடா, வேலை குறைஞ்சா நல்லதுதானே" என்றார் ஓபல் என்னிடம். சொல்லிவிட்டு, பாதி தின்ற கேரமல் ரோல் இனிப்பு பன்னை அப்படியே குப்பைத் தொட்டியில் போட்டார். முப்பத்தொரு வருடத்தில் அந்த அம்மாள் கேரமல் ரோலை மிச்சம் வைத்து யாரும் பார்த்ததில்லை. அந்தப் பக்கத்தைப் பிடுங்கினால் இவர் உடைந்துபோவார் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

வியாழக்கிழமை வந்தது. காலை ஏழு மணிக்கு ஓபல் வேலையில் உட்கார்ந்தார். ஏழு இருபதுக்குப் போன் அடித்தது. நான் அப்போது பக்கத்தில்தான் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தேன். ஓபல் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார்.

"ஓட்டல் வாசல்ல நிறுத்தியிருந்த என் வண்டிய எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்."

"யாரு, ஆர்விட்டா?"

"ஏன், வேற யாருதாவது போயிருந்தா இவ்ளோ சந்தோஷப்படுவியா?"

"சாவி எங்க?"

"வண்டியிலதான்."

"எஞ்சின்?"

"ஓடிக்கிட்டிருந்துச்சு."

"திருடனுக்குக் காப்பியும் ஊத்தி வச்சிருந்தியா?"

அவர் போனை வைத்த சத்தம் எனக்கும் கேட்டது. "வெள்ளைப் பிக்கப், பின்னாடி சிவப்பு டூல் பாக்ஸ். ஓடு" என்று ஓபல் என்னை விரட்டினார். பிறகு சுடச்சுட ஓர் அறிவிப்பு போட்டார். வண்டியின் அடையாளம், பார்த்தவர்கள் கிட்டே போகாமல் போன் செய்யவும், கடைசியில் ஒரு வரி: "திருடனுக்குச் சிரமம் வைக்காமல் வண்டியைச் சூடாக்கிக் கொடுத்த நல்ல மனம் வாழ்க." நாலு மணிக்கு யாருடைய கையை நம்பியிருக்கிறாரோ அவரையே இப்படி எழுதுகிறாரே! வாய் என்றால் அப்படி ஒரு வாய்.

நான் தொண்ணூறு மைல் சுற்றினேன். பண்ணை பண்ணையாக ஏறி இறங்கினேன். பார்க்கிற வண்டியெல்லாம் வெள்ளை. இரண்டு பேரை நிறுத்தி விசாரித்து, அதில் ஒருவர் பாதிரியார் என்று தெரிந்து அசடு வழிந்தேன்.

ஒன்பது மணிக்கு ஓட்டல்காரர் போன் செய்திருக்கிறார். "ஓபல், எல்லாரும் போயாச்சு. ஒரே ஒரு வண்டி மட்டும் ஆறரையிலேருந்து சும்மா ஓடிக்கிட்டே நிக்குது. கண்ணாடி, நம்பர் எல்லாம் பனி மூடிக் கிடக்கு. யாருதுன்னு தெரியல." ஓபலுக்குக் கேட்கவா வேண்டும்! உடனே இரண்டாவது அறிவிப்பு: "சொந்தமாக எண்ணெய்க் கிணறு வைத்திருக்கும் யாரோ ஒருவர் தம் வண்டியை இரண்டரை மணி நேரமாக ஓடவிட்டிருக்கிறார். வண்டி வைத்திருப்பது ஞாபகம் வந்தால் ஓட்டலுக்கு வரவும்."

ஒன்பது நாற்பதுக்கு, எதிர்ப்பக்கத் தபால் நிலையத்திலிருந்து ஜானிஸ் அழைத்தாள்.

"ஓபல், நீங்க தேடுற வண்டியில சிவப்பு டூல் பாக்ஸ்தானே?"

"ஆமா. பாத்தியா? கிட்டப் போயிடாதே!"

"போகல. நான் ரோட்டுக்கு இந்தப் பக்கந்தான் இருக்கேன். அது உங்க ஜன்னலுக்கு வெளிய நிக்குது. ஒயர் சொருகி வச்சிருக்கு."

ஆறரை மணி இருட்டில், தடிமனான கையுறையோடு, கேரமல் ரோலை மார்போடு அணைத்துக்கொண்டு ஓட்டலிலிருந்து வெளியே வந்த ஓபல், ஓடிக்கொண்டிருந்த முதல் வெள்ளை வண்டியில் தன்னுடையது என்று ஏறி நாலு தெரு தள்ளி இருக்கிற அலுவலகத்துக்கு வந்துவிட்டார். வந்ததும் வழக்கம்போல எஞ்சின் உறையாமல் இருக்க, வண்டியின் ஹீட்டர் ஒயரை அலுவலகச் சுவரில் இருக்கிற பிளக்கில் சொருகிவிட்டு உள்ளே வந்திருக்கிறார். கமிஷனர் வண்டியைத் திருடி, கவுண்டி செலவிலேயே சூடாகவும் வைத்திருந்த திருடி எங்கள் ஊரைத் தவிர வேறெங்கே கிடைப்பாள்?

எனக்கு வயர்லெஸ்ஸில் குரல் வந்தது. "வெண்டல், திரும்பி வா."

"வண்டி கிடைச்சிருச்சா?"

"கிடைச்சிருச்சு."

"திருடன்?"

"அவளும் கிடைச்சுட்டா."

நான் போய்ச் சேர்ந்தபோது ஷெரிஃப் ஓபலின் மேஜைக்கு முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். "ஓபல், காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிருவோம். ரோட்டோரமா கேட்பாரில்லாம நின்னுச்சுன்னு போட்டுருங்க. சாயங்காலம் மீட்டிங்க வச்சுக்கிட்டு இப்படியா போய் மாட்டுவீங்க?"

"ரோட்டோரமா நிக்கலையே, ஷெரிஃப்."

"ஜன்னலோரம் ஒரு ரோடு இருக்குல்ல?"

"வெண்டல், நீ போய் ஆர்விட்டக் கூட்டிட்டு வா" என்றார் ஓபல். குரல் வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது.

ஆர்விட்டை வீட்டிலிருந்து அழைத்து வந்தேன். வழியெல்லாம் திருடனைத் தூக்கில் போட வேண்டும் என்று பேசிக்கொண்டே வந்தார். நான் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினேன். அலுவலக ஜன்னலோரம் நின்ற தன் வண்டியைப் பார்த்தார், சுவரிலிருந்து போகிற ஒயரைப் பார்த்தார், நேராக உள்ளே வந்தார்.

"உக்காரு ஆர்விட். இத நான் போடுறதுக்கு முன்னாடி நீ கேக்கணும்" என்றார் ஓபல். ஆறு வருடத்தில் சம்பந்தப்பட்ட ஆளுக்கு முன்கூட்டியே படித்துக் காட்டியது அதுதான் முதல் தடவை.

"காலையில் ஓட்டல் வாசலில் வெள்ளைப் பிக்கப்பைத் திருடியவர் ஓபல் ஹாக்ஸ்டாட், வயது அறுபத்தொன்று. திருடிய வண்டியை ஜன்னலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, அதைத் தேட அதிகாரியைத் தொண்ணூறு மைல் அனுப்பியவரும் இவரே. எண்ணெய்க் கிணறு வைத்திருப்பவரும் இவரே. இரண்டு வண்டிகளும் ஒரே மாதிரி இருந்தன. எல்லோரும் சாவியைக் கையோடு எடுத்துப் போகவும். ஓபல் காப்பி குடிக்க எப்போது வருவாள் என்று சொல்ல முடியாது."

ஆர்விட் தொண்டையைச் செருமினார். "ஒரே மாதிரி இருந்துச்சுங்கறத அடி. என்னுது கழுவின வண்டி."

ஓபல் அந்த வரியை அடித்தார்.

"இதே மாதிரி அன்னைக்கும் படிச்சுக் காட்டியிருக்கலாம்."

"என்னைக்கு?"

"ஃபிரிட்ஜ் அன்னைக்கு."

எனக்குச் சுருக்கென்றது. போன அக்டோபரில் வீட்டுக்குள் ஏதோ உறுமுகிறது என்று ஆர்விட் அழைத்தார். ஓடிப் போனது நான்தான். உறுமியது அவருடைய ஃபிரிட்ஜ். திரும்பி வந்து விழுந்து விழுந்து சிரித்தபடி ஓபலிடம் சொன்னதும் நான்தான். மறுநாள் ஓபல் எழுதினார்: "வீடு புகுந்து உறுமிய ஆசாமி பிடிபட்டார். பதினைந்து வருடமாக அதே சமையலறையில் தங்கி, பாலைக் குளிர வைத்துக்கொண்டிருந்தாராம்." கவுண்டி முழுக்கச் சிரித்தது.

"அது மார்லிஸ அடக்கம் பண்ணி நாலாம் நாள்" என்றார் ஆர்விட். "நாப்பத்தாறு வருஷம் அந்த வீட்டுல அவ பேசிக்கிட்டே இருப்பா. என்கிட்ட, நாய்கிட்ட, ரேடியோகிட்ட. அந்தப் பெட்டிக்குச் சத்தம் உண்டுன்னே எனக்குத் தெரியாது ஓபல்."

அவர் மனைவி மார்லிஸின் அடக்கத்துக்கு ஓபல் ஒரு பெரிய பாத்திரம் நிறையச் சமைத்து எடுத்துப் போனவர். நான் சவப்பெட்டி தூக்கினவன். எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

"ஏன் சொல்லல?" என்றார் ஓபல்.

"யாரு கேட்டா?"

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. நெடுஞ்சாலையில் மூன்று மாடுகள். ஓபல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன, என்ன நிறம் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். மாடுகளை விரட்ட என்னை அனுப்பினார். நான் திரும்பி வருவதற்குள் ஆர்விட் ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தன் வண்டியில் போய்விட்டிருந்தார். அறிவிப்பு பக்கத்தில் ஏறியிருந்தது. ஒரு வரி மட்டும் குறைந்திருந்தது.

நாலு மணிக்குக் கூட்ட அறையில் உட்கார இடமில்லை. தீர்மானத்தை ஷெரிஃப் படித்தார். எதிர்பார்த்தபடியே ஆதரவாக ஒரு கை, எதிராக ஒரு கை. எல்லோரும் ஆர்விட்டைப் பார்த்தோம். ஓபல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆர்விட், உங்க புகார வாபஸ் வாங்குறீங்களா?" என்று கேட்டார் ஷெரிஃப்.

"எதுக்கு? அது சரியான புகார். ஃபைல்ல இருக்கட்டும்."

"அப்போ தீர்மானத்துக்கு ஆதரவுன்னு எழுதிக்கட்டுமா?"

"எழுதாத. கேலி பண்றத நிறுத்தச் சொன்னேன். பக்கத்த அவகிட்டேருந்து பிடுங்கச் சொல்லி நான் எங்கய்யா எழுதினேன்? ஒருத்தரப் பத்தி எழுதுறதுக்கு முன்னாடி அவங்களுக்கு ஒரு போன் பண்ணட்டும். அது போதும்."

"இவ்வளவு கோபம் இருக்குன்னா, வேற ஆள் எழுதினா உங்களுக்கு நல்லதுதானே?"

ஆர்விட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "உரிய முன்னெச்சரிக்கையுடன்னு நீ எழுதுவே. அத நான் எப்படிய்யா சத்தமாப் படிக்கிறது? இவ எழுதுறத தினமும் காலையில சமையலறையில உக்காந்து சத்தமாப் படிக்கிறேன். அந்த வீட்டுல நாள் முழுக்க அது ஒண்ணுதான் பேச்சு."

அவர் தீர்மானத்துக்கு எதிராகக் கையைத் தூக்கினார்.

கூட்டக் குறிப்பில் "தீர்மானம் தோல்வி, இரண்டுக்கு ஒன்று" என்று மட்டும்தான் இருக்கிறது. ஓபல் ஹாக்ஸ்டாட் எல்லோர் முன்னாலும் முகத்தை மூடாமல் அழுதார் என்பது அதில் இல்லை. இதை எழுதுவதற்கு முன்னால் அவருக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். "பேரோட போடு" என்றார்.