நாக்குக்கு மட்டும் தெரியாத சர்க்கரை

வேளாங்கண்ணிக்கு வேலை தட்டாஞ்சாவடியில், ஒரு சின்னக் கம்பெனியில். சிறுகுறிஞ்சான் இலையை வேகவைத்து, வடிகட்டி, சாற்றைச் சுண்டவைத்து, சர்க்கரை நோய்க்கு மருந்தென்று பாட்டிலில் அடைப்பார்கள். ஒன்பது வருடமாக அடுப்பும் அண்டாவும் அவள் பொறுப்பு. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், சாறு பதத்துக்கு வந்துவிட்டதை வாசனையிலேயே சொல்லிவிடுவாள். அவளுக்கும் சர்க்கரை நோய் உண்டு. காலையும் இரவும் மாத்திரை போடுகிறாள். முதலாளி அருள்முருகனுக்கு அதுவே ஒரு நாள் விளம்பரமாகத் தோன்றியது.

ஞாயிறுதோறும் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில், மலிவுச் சட்டைக் குவியல்களுக்கு நடுவே மேஜை போட்டான். வருகிறவரிடம் ஒரு பச்சைக் குறிஞ்சான் இலையைக் கொடுத்து மென்று தின்னச் சொல்வான். பிறகு ஒரு ஸ்பூன் சர்க்கரை. வாயில் மணலைப் போட்டதுபோல் இருக்கும், இனிப்பே தெரியாது.

"நாக்குலயே சர்க்கரையைக் கொன்னுடுச்சு பாருங்க. ரத்தத்துல விட்டுவைக்குமா?" என்பான்.

உடனே வேளாங்கண்ணி முன்னால் வந்து, "இதைக் குடிச்சுதான் நான் மாத்திரையை நிறுத்தினேன்" என்று சொல்ல வேண்டும். மூன்று ஞாயிறு சொன்னாள். பொய் என்று தெரியாமல் இல்லை. இலை கொஞ்சம் குறைக்கும் என்று படித்தவர்களே சொல்கிறார்களே, என் ஒரு வார்த்தையால் யாருக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

நான்காவது ஞாயிறு அமிர்தவல்லி வந்தாள். தேங்காய்த்திட்டு மீன் துறையில் ஏலம் எடுத்து மீன் விற்கிறவள். முதல் ஞாயிறே பாட்டில் வாங்கியிருந்தாள். இப்போது கால் பெருவிரலில் துணிக்கட்டு. துணியில் மஞ்சள் கசிவு.

"நீ சொன்னதைக் கேட்டுத்தான்க்கா சுகர் ஊசியை விட்டேன். மூணு வாரமாச்சு. இந்தப் புண்ணு இன்னாத்துக்கு ஆறவே மாட்டேங்குது?"

"வேளைக்கு ரெண்டு மூடியா குடிங்க, ஆறிடும்" என்றான் அருள்முருகன்.

வேளாங்கண்ணி அந்தத் துணிக்கட்டையே பார்த்தாள். தன் வாயிலிருந்து வந்த ஒரு வரிதான் அதற்குள் சீழ்பிடித்துக் கிடக்கிறது என்று பட்டது. தன் பையிலிருந்து சுகர் பார்க்கும் மிஷினை எடுத்தாள். தன் விரலில் குத்திப் பார்த்தாள். நூற்றுத் தொண்ணூறு. எல்லோருக்கும் காட்டினாள்.

"அக்கா, இன்னா பண்றீங்க?" என்றான் அருள்முருகன்.

"நீங்க காட்டுற வித்தைதான் சார்."

இலையை மென்றாள். ஐந்து ஸ்பூன் சர்க்கரையை அள்ளித் தின்றாள். இனிக்கவே இல்லை. அமிர்தவல்லியை ஸ்டூலில் உட்காரவைத்து, "அரை மணி நேரம் இரு" என்றாள். சட்டை பார்க்க வந்தவர்களும் நின்றார்கள். அரை மணி கழித்து மறுபடி குத்தினாள். இருநூற்று எண்பத்து நாலு.

"நாக்குக்குத்தான் தெரியல. ரத்தத்துக்குத் தெரிஞ்சிடுச்சு" என்றாள். "நான் மாத்திரையை ஒரு நாளும் விடல. காலைலகூட போட்டுக்கினுதான் வந்தேன். இங்க சொன்னதெல்லாம் பொய்."

"அடிப்பாவி, என் காலை வச்சா வெளையாடின?"

"ஆமா. திட்டு. ஆட்டோல ஏறிக்கினு திட்டு. பெரியாஸ்பத்திரிக்குப் போறோம்."

"மேஜையை விட்டுப் போனா நாளைக்கு வேலைக்கு வராதீங்க" என்றான் அருள்முருகன்.

"வருவேன்."

வழி முழுக்க அமிர்தவல்லி திட்டினாள். ஏலத்தில் கத்திப் பழகிய குரல். ஆட்டோக்காரரே திரும்பிப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் புண்ணைக் கழுவிக் கட்டி, அன்றே ஊசியைத் திரும்ப ஆரம்பித்தார்கள். விரல் தப்பும் என்று டாக்டர் சொல்லவில்லை. தப்பாது என்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு வேளாங்கண்ணி கம்பெனி கேட்டில் நின்றாள். வாட்ச்மேன் கன்னியப்பன் தலையைச் சொறிந்தார். "உன்னை உள்ள விடக் கூடாதுன்னு உத்தரவும்மா."

அருள்முருகன் வெளியே வந்தான். "வேலை இல்லன்னு சொன்னேன்ல?"

"சொன்னா போதாது சார். எழுதிக் குடுங்க. எதுக்கு நிறுத்தினீங்கன்னு காரணம் போட்டு, கையெழுத்தும் போட்டு."

"அவ்ளோதானே? இப்பவே தர்றேன்" என்று உள்ளே போனான்.

வேலைக்கு வந்த பெண்கள் உள்ளே போகாமல் கேட்டருகே தயங்கினார்கள். ஜன்னல் வழியே அவன் தெரிந்தான். தாளை எடுத்தான், இரண்டு வரி எழுதினான், கிழித்தான். இன்னொரு தாள் எடுத்தான். ஒன்பது மணி ஆகியும் காகிதம் வரவில்லை.

வேளாங்கண்ணி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"உண்மையைச் சொன்னதுக்கு நிறுத்தினேன்னு, நடந்ததை அப்படியே எழுதுங்க சார். நான் இங்கதான் நிக்கிறேன்."