செம்பு உருண்டையிடம் கேட்டவர்

ஞானப்பிரகாசம் சார் இறந்த செய்தி வந்தபோது நான் தலைக்கு மை போட்டுக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் மட்டும் முடிந்திருந்தது. தம் வீட்டுக்கு வந்த போன் செய்தியை பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே எட்டிச் சொன்னார். அப்படியே சட்டையை மாட்டிக்கொண்டு அவர் ஊரான தண்டலத்துக்கு ஓடினேன். கல்லறைத் தோட்டத்தில் என் பாதிக் கறுப்புத் தலையைப் பார்த்துச் சிரிக்கக்கூட ஆள் இல்லை. அவரோடு வேலை பார்த்த உங்களில் ஒருவரும் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மண்ணூர்ப் பக்கத்து ஏரியில் எவ்வளவு மீன் இருக்கிறது என்று ஒலியால் அளப்பது நம் பிரிவின் வேலை. படகுக்கு அடியிலிருந்து கருவி ஒலியை அனுப்பும்; மீன்மேல் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் காகிதச் சுருளில் கீறும். நான் அதற்குப் பேட்டரி சுமப்பவன். பதவியின் பெயர் மட்டும் நீளமானது. மழை முடிந்ததும் சார் எடுத்த கணக்கில் ஏரி நிறைய மீன். மேலதிகாரிக்குப் பாராட்டு, நமக்கெல்லாம் கேசரி.

பொங்கல் கழிந்து சார் ஒரு செம்பு உருண்டையோடு வந்தார். அதை நைலான் நரம்பில் கட்டிக் கருவிக்கு நேர் கீழே தொங்கவிட்டார். அது எவ்வளவு எதிரொலி தரவேண்டும் என்பது முன்பே தெரிந்த விஷயம்.

"தெரிஞ்ச கேள்வியை முதல்ல கேளுய்யா. அதுக்கே தப்பா பதில் சொன்னா, தெரியாததைக் கேட்டு இன்னா புண்ணியம்?" என்பார்.

படகோட்டி எத்திராஜுக்குப் பொறுக்கவில்லை. "மீனைக் கேக்காம உருண்டையாண்ட கேட்டுகினு கீறியே சார். வலையைப் போடு, தானா சொல்லும்."

"மாட்டுனதைத்தான் வலை சொல்லும் எத்திராஜு. மாட்டாததை யாரு சொல்றது?"

கருவி உருண்டையின் எதிரொலியை இரண்டு மடங்காகக் காட்டியது. பிரித்துப் பார்த்ததில் பழுது பழையது என்று தெரிந்தது. அப்படியானால் நாம் கேசரி சாப்பிட்ட மீனில் பாதி, ஏரியில் இல்லாத மீன்.

"அந்தக் கணக்கை இப்ப யார் சார் கேட்டாங்க? கேசரியே செரிச்சுப்போச்சு" என்றேன்.

"நான் கேக்கறேனே" என்றார். மேலதிகாரியின் அறைக்குள் போய், கணக்கு தப்பு, திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். மேலதிகாரியின் பதவி உயர்வு நின்றது. மறுநாளிலிருந்து சாரோடு யாரும் சாப்பிட உட்காரவில்லை.

அவர் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கரையில் கட்டிய படகுக்குப் போய்விடுவார். நானும் போவேன். வீரமெல்லாம் இல்லை, அவர் கருவாட்டுத் தொக்கு அப்படி. ஒரு நாள் சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: "கூட்டமா இருக்கற மீனு ஒண்ணை ஒண்ணு மறைச்சுக்கும். தனியா போறதுதான்யா கணக்குல சுத்தமா விழும்." அந்த மாதமே அவரைத் தூத்துக்குடிக்கு மாற்றினார்கள். ஓய்வுபெற்றுத் தண்டலம் திரும்பிய பிறகும் அவர் வீட்டு நாற்காலிகளில் ஒன்றுக்குத்தான் வேலை இருந்தது.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியது ஒரு பழக்கம். டாக்டர் ரத்த அழுத்தம் பார்க்க வந்தால், முதலில் உங்கள் கையில் கட்டிப் பாருங்கள் என்கிறேன். அவர் என்னை வேறு டாக்டரிடம் போகச் சொல்லிவிட்டார்.

சார் மாற்றலாகிப் போன அந்தக் கோடையில் ஏரி வற்றியது. இருந்த மீனையெல்லாம் அள்ளி எடை போட்டார்கள். எடை, அவர் தப்பென்று திரும்ப வாங்கிய முதல் கணக்கை ஒட்டியே வந்தது; கூட்டத்தில் மறைந்து நின்ற பாதி மீனைக் கருவியின் பழுது தற்செயலாக ஈடுகட்டியிருந்தது.