ஒன்பதாவது வயர்

என் நாத்தனார் லிஃப்ட் மெக்கானிக். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பையைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்து, சிவப்பு வயர்களை எண்ணுவாள். மொத்தம் ஒன்பது. ஒன்பதும் இருந்தால்தான் முகம் கழுவப் போவாள். மேசையில் கிரீஸ் படிகிறது என்று நான் கத்திப் பார்த்தாயிற்று. என் வீட்டுக்காரர் தங்கைக்குப் பரிந்து பேசியும் பார்த்தாயிற்று. கடைசியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பை வாங்கிப் போட்டுவிட்டு நான்தான் அடங்கிப்போனேன்.

அந்த வயர் எதற்கு என்று கல்யாணமாகி வந்த புதிதிலேயே கேட்டேன். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கக் கூடாதுதான், ஆனால் என் மூக்கு என் பேச்சைக் கேட்பதில்லை. லிஃப்ட் கதவு சரியாக மூடாவிட்டால் பெட்டி நகரக் கூடாது, அதற்கு ஒரு காவல் இருக்கிறது என்றாள். கோளாறு எங்கே என்று தேடும்போது, அந்தக் காவலைக் கொஞ்ச நேரம் ஏமாற்ற இந்த வயரை மாட்டுவார்களாம். வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். மறந்துவிட்டால், கதவு திறந்து கிடந்தாலும் பெட்டி பாட்டுக்கு மேலே போகும், கீழே போகும்.

என்னைக் குடைந்தது வேறு ஒன்று. கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களைப் பழக்கும் பொறுப்பு அவளுடையது. நான்கு வருடத்தில் ஆறு பேரைப் பழக்கிவிட்டாள். ஆறு பேரும் எங்கள் வீட்டில் காபி குடித்தவர்கள், ஆறு பேரிடமும் நான் வாயைப் பிடுங்கியிருக்கிறேன். எல்லாரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். முதல் நாள், கருவி எதையும் கையில் கொடுப்பதற்கு முன்னால், அவள் அவர்களை உட்காரவைத்து, தான் ஒருமுறை வயரைக் கழற்ற மறந்ததைச் சொல்வாளாம். எந்தக் கட்டடம், எத்தனை மாடி, எந்தத் தேதி என்று எல்லாம் சொல்வாளாம். புதிதாக வந்தவனிடம் முதல் நாளே தன் மானத்தைத் தானே வாங்கிக்கொள்கிற ஆளை நான் எங்கும் பார்த்ததில்லை. கேட்டால், "அது அப்படித்தான் அண்ணி" என்று நழுவிவிடுவாள்.

ஏழாவதாக வந்தவருக்கு நாற்பத்தேழு வயது. இருபது வருடம் பைக் மெக்கானிக்காக இருந்தவர், கடை இருந்த இடத்தை இடித்துவிட்டதால் இந்த வேலைக்கு வந்தார். கம்பெனி முழுக்க அவருக்குச் சித்தப்பா என்று பெயர். என் நாத்தனாரைவிடப் பதினான்கு வயது மூத்தவர். அவர் அவளை மேடம் என்பார், அவள் அவரை சார் என்பாள். வாசலில் "நீங்க போங்க சார்", "நீங்க போங்க மேடம்" என்று இரண்டு பேரும் நிற்பதற்குள் காபி ஆறிவிடும்.

சித்தப்பாவுக்கு ஆறு மாதம் சோதனைக் காலம். அது முடிந்தால் வேலை நிரந்தரம். வீட்டில் இரண்டு பெண்கள் கல்லூரியில் படிக்கிறார்கள். இந்த வயதில் இன்னொரு இடத்தில் யார் எடுப்பார்கள் என்று அவர் மனைவி என்னிடம் போனில் அழுதிருக்கிறார்.

சோதனைக் காலம் முடிய இரண்டே நாள் இருக்கும்போது, சாயங்காலம் ஆறரை மணிக்கு நாத்தனாரின் போன் அடித்தது. அவள் கையில் அப்போது ஏழாவது வயர் இருந்தது. சித்தப்பாதான். தன் வயர்களை எண்ணிப் பார்த்திருக்கிறார். எட்டுதான் இருந்தது. அன்று அவர் தனியாக வேலை பார்த்தது ஓர் ஐந்து மாடிக் கட்டடம். நான்காவது மாடியில் டியூஷன் சென்டர்.

அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. வாட்ச்மேனைக் கூப்பிட்டு மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள், வாசலில் ஆளை நிறுத்தச் சொல்லுங்கள், பிறகு கிளம்புங்கள் என்றாள். வண்டிச் சாவியை எடுத்தாள். நான் சொல்லாமல் கொள்ளாமல் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். பயம் பாதி, எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசை பாதி.

நாங்கள் போவதற்குள் சித்தப்பா வந்திருந்தார். மொட்டை மாடியில் ஒரு சின்ன அறை, உள்ளே லிஃப்டின் சுவிட்சுகள் இருக்கும் ஓர் இரும்பு அலமாரி, அதற்குள் அந்தச் சிவப்பு வயர் சாதுவாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவுதானா என்று எனக்குத் தோன்றியது. அப்புறம் கீழிருந்து பிள்ளைகள் படியில் தடதடவென்று இறங்கும் சத்தம் கேட்டதும்தான், இதுவரை அந்த லிஃப்டில் ஏறி இறங்கியது இவர்கள்தான் என்று உறைத்தது.

சித்தப்பா அதைக் கழற்றினார்.

"காலைல வந்து சத்தமில்லாம எடுத்துடலாம்னுதான் மேடம் முதல்ல நினைச்சேன்," என்றார். "அப்புறம் நீங்க முதல் நாள் சொன்னது ஞாபகம் வந்துச்சு. இவங்ககிட்ட சொன்னா என்னைக் கேவலமா நினைக்கமாட்டாங்கன்னு தோணிச்சு. அதான் போன் போட்டேன்."

"நாளைக்கு எழுதிக் கொடுக்கணும் சார்," என்றாள் அவள்.

"தெரியும் மேடம்."

கம்பெனி விதி அப்படி. வயரை விட்டுவிட்டு வந்தால் அறிக்கை தர வேண்டும், சோதனைக் காலத்தில் இருப்பவர் என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். திரும்பி வரும்போது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, கமுக்கமாக விட்டுவிடேன் என்று அவள் காதில் ஓதிக்கொண்டே வந்தேன். அவள் வண்டியை ஓட்டுவதிலேயே கண்ணாக இருந்தாள்.

மறுநாள் மேனேஜர் அறையில் நடந்ததை இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். அவள் இரண்டு அறிக்கைகளை மேசையில் வைத்திருக்கிறாள். ஒன்று சித்தப்பா எழுதியது. இன்னொன்று ஏழு வருடத்துக்கு முன்னால் அவள் விட்டுவிட்டு வந்த வயரைப் பற்றி அவளே எழுதியது. மேனேஜருக்கு அது புதுச் செய்தி. யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டிருக்கிறார். நான் பழக்கின ஏழு பேருக்கும் தெரியும் என்றிருக்கிறாள். தப்பு செய்த அன்றே சொன்னவரை அனுப்புவதாக இருந்தால், ஏழு வருடம் மறைத்த என்னை முதலில் அனுப்புங்கள் என்றும் சொல்லியிருக்கிறாள். மேனேஜர் இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் படித்தாராம்.

சித்தப்பாவுக்குச் சோதனைக் காலத்தை மூன்று மாதம் நீட்டினார்கள். வேலை போகவில்லை. அவளுக்கு அடுத்த மாதம் வரவிருந்த சூப்பர்வைசர் பதவிதான் போயிற்று. அதற்காக அவள் மூன்று வருடம் காத்திருந்தாள்.

எனக்கு வயிறு எரிந்தது. நீ வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது, ஏழு வருடத்துக்கு முந்தைய விஷயத்தைத் தோண்டி எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வார்களா என்று அன்று சாயங்காலம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அவளைப் பிடித்துக்கொண்டேன். அவள் விரிப்பின்மேல் வயர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். வருத்தமாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

அப்போதுதான் நான் நான்கு வருடமாகக் கேட்டு வந்ததை இன்னொரு முறை கேட்டேன். எதற்காக எல்லாரிடமும் முதல் நாளே அதைச் சொல்கிறாய்?

"என்னைப் பழக்கினவர் ரொம்ப நல்ல மெக்கானிக் அண்ணி," என்றாள். "முப்பது வருஷத்துல ஒரு வயரைக்கூட விட்டதில்லைன்னு அடிக்கடி சொல்லுவார். அன்னிக்கு வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தா ஒண்ணு குறையுது. போனை எடுத்தேன். அவர் முகம் கண்ணு முன்னாடி வந்துச்சு. வெச்சுட்டேன்."

நான் வெங்காயத்தையும் கத்தியையும் கீழே வைத்தேன்.

"காலைல ஆறு மணிக்குப் போய்த்தான் எடுத்தேன். ராத்திரி முழுக்க அந்த லிஃப்ட் ஓடிட்டுதான் இருந்துச்சு. பதினோரு மணி நேரம், அண்ணி."

எட்டு வரை எண்ணியிருந்தாள். ஒன்பதாவது வயர் பைக்குள் மடிப்பில் மாட்டியிருந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.